கூட்டத்தில் மூன்றாவது ஆள்

கொக்கு காமிக்ஸின் பழைய பக்கங்களை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலையைப் பார்க்கும் நித்யா என்ற பெண் போன வாரம் போன் செய்து இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்வி: ஒரிஜினல் பக்கங்களின் பின்னால் ஏன் நீலப் பென்சிலில் ஊர், கிழமை, மணி எல்லாம் எழுதியிருக்கிறது? இரண்டாவது: ‘ஏரிக்குள் ஒரு ஸ்டேஷன்’ தொடரின் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு முகத்துக்கு நேராக ‘கேட்டு வரைந்தது’ என்று இருக்கிறதே, அது என்ன?

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்று வைத்துவிட்டேன். கடுப்பாகத்தான் வைத்தேன். முன்பக்கம் மட்டும் போதும், பின்பக்கத்தை ஸ்கேன் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவருடைய மேலாளர் சொல்லியிருக்கிறாராம். அந்த மேலாளருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். ரிட்டையர் ஆகும்வரை கொக்கு காமிக்ஸில் கூட்டம் வரைந்தேன். ஹீரோவை வரைய வேறு ஆள் உண்டு. அவர் பெயர் அட்டையில் வரும். ஹீரோவுக்குப் பின்னால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், டீ குடிப்பவர்கள், பயந்து ஓடுபவர்கள், எருமை, புகைக்கூண்டு எல்லாம் நான். என் பெயர் இரண்டாம் பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில் ‘பின்னணி’ என்று வரும். சில இதழ்களில் அதுவும் வராது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அது கிடக்கட்டும்.

ஓவியப் பள்ளிக்கு நான் போனதில்லை. அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று பிடுங்கினார், பிறகு கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் கம்பி இழுத்தார். நான் அங்கே சிப்காட் கம்பெனிகளுக்கு போர்டு எழுதினேன். ‘அபாயம்’ என்று எழுதி மண்டையோடு போடுவது. எல்லாரும் மண்டையோட்டுக்கு நாலு கோடு இழுத்துப் பல் என்பார்கள். நான் பல்லை எண்ணிப் போடுவேன். அவ்வளவுதான் என் படிப்பு.

ஒரு கம்பெனிச் சுவரில் ‘ஹெல்மெட் அணிவீர்’ என்று எழுதி, கீழே பத்துப் பேர் வரிசையாக வருவதுபோல வரையச் சொன்னார்கள். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களைப் பார்த்தே வரைந்தேன். ஒன்பது பேருக்கு ஹெல்மெட். பத்தாவது ஆளுக்கு இல்லை. அந்தப் பத்தாவது முகம் எங்கள் சூப்பர்வைசருடையது. வேண்டுமென்றேதான் போட்டேன். அவன் என்னை ஒருநாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘ஏய் பெயிண்ட்டு’தான். அன்று மதியமே வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

பெயிண்ட் டப்பாக்களை மூட்டை கட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வந்தால், கையில் வரைபடச் சுருளோடு ஒரு அம்மா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர்தான் விமலா மேடம். அப்போது காக்களூரில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் டிரேசராக இருந்தார். மிஷின் படங்களை மெல்லிய தாளில் பிரதி எடுக்கும் வேலை. கம்பெனி நேரம் போக, கொக்கு காமிக்ஸை ஆரம்பித்திருந்தார்; பிறகு அந்த வேலையை விட்டுவிட்டார்.

“அந்த ஹெல்மெட் இல்லாதவரு யாரு?”

“சூப்பர்வைசரு.”

“இப்பதான் உள்ள பார்த்துட்டு வரேன். அப்படியே இருக்காரு. கூட்டம் வரைவீங்களா?”

“எத்தினி பேரு?”

“எத்தனை பேரு வந்தாலும்.”

மறுநாள் காக்களூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்பார்கள், போய் நின்றேன். பாதி ஷெட் கொக்கு காமிக்ஸுடையது, மறுபாதியில் லேத் பட்டறை. நடுச்சுவர் கூரைவரை போகாது. அவர்கள் இரும்பைக் கடையும் சத்தம் சுவருக்கு மேலே ஏறி இந்தப் பக்கம் இறங்கும். முதல் வாரம் பேஜாராக இருந்தது. பிறகு அந்தச் சத்தம் நின்றால் எனக்குக் கை ஓடாது. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஏரி. காலையில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே கோடு தெரியாது. கொக்குகள் அந்த வெள்ளைக்குள் ஒற்றைக்காலில் நிற்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அவை நிற்கின்றனவா, யாரோ வரைந்து வைத்திருக்கிறார்களா என்று சந்தேகம் வரும்.

எங்களிடம் மூன்று தலைப்பு. ‘ரெண்டாம் ஷிஃப்ட் ராஜவேலு’ கம்பெனி பஸ் ஓட்டுபவன். வேலை முடிந்து எல்லாரும் தூங்கியதும் பஸ்ஸை ஒவ்வொருவர் கனவுக்குள்ளும் ஓட்டிக்கொண்டு போவான். ‘உப்பங்கழி ராணி’ பழவேற்காட்டில் நண்டுகளை ஏவி மணல் திருடர்களை விரட்டுவாள். மூன்றாவது, ‘ஏரிக்குள் ஒரு ஸ்டேஷன்’. திருவள்ளூரிலிருந்து கிளம்பும் காலை ரயிலில் எல்லாரும் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். திருநின்றவூர் தாண்டியதும் தண்டவாளம் ஏரிக்குள் இறங்குகிறது. ரயில் மூழ்குவதில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் கண்ணாடிபோல நிற்க, ஜன்னலோரம் மீன்கள் வந்து எட்டிப் பார்க்கின்றன. அடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு ஸ்டேஷன். பிளாட்பாரம் நிறைய ஜனம். எல்லாரும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனவர்கள். ரயில் ஒரு நிமிஷம் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் தூக்கத்திலேயே பார்க்கலாம், இறங்க முடியாது. பிளாட்பாரத்தில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள். பிறகு ரயில் கிளம்பி வெயிலுக்கு வந்துவிடும். கதை எல்லாம் மேடம்தான் எழுதுவார். எங்கிருந்து பிடிக்கிறார் என்று கேட்டால், “பஸ்ல தூங்கறப்ப” என்பார்.

ஷிஃப்ட் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்கள்தான் எங்கள் வாசகர்கள். டீக்கடைகளில் வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் இதழ் தொங்கும்.

மேடம் பக்கத்தைச் சரிபார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நான் முதலில் நீலப் பென்சிலில் கூட்டத்தைப் போடுவேன். நீலம் அச்சுக்கு எடுக்கும்போது விழாது. அதன்மேல் மை. காய்ந்ததும் அவர் மேஜையில் வைப்பேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். தாளைத் திருப்பி, ஏரி ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பார். வெயில் தாளுக்குள் நுழைந்து, படம் இடம் வலம் மாறித் தெரியும். சாய்ந்த மூக்கு, ஏறி இறங்கிய கண் எல்லாம் உடனே மாட்டும்.

“நேரா பார்த்தா மனசு ஒத்துக்கும் ஏகாம்பரம். திருப்பிப் பார்த்தா கண்ணு ஒத்துக்காது.”

தப்பு இருக்கிற இடத்தில் சிவப்புப் பென்சிலால் சின்ன முக்கோணம் போட்டு உள்ளே நம்பர் எழுதுவார். டிராயிங் ஆபீஸ் பழக்கம். ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். எவ்வளவு நேரம் சீவுகிறாரோ அவ்வளவு கோபம். என் ஒரு பக்கத்துக்காகப் பாதிப் பென்சிலைச் சீவித் தீர்த்திருக்கிறார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்வது?

அவர் போட்ட சட்டங்களில் ஒன்று: கூட்டத்தில் ஒரு முகம் ஒரு தடவைதான் வர வேண்டும். ஆற்றுக்கு இந்தக் கரையில் நிற்கும் மீசைக்காரன் அந்தக் கரையிலும் நிற்கிறான், நீந்தி வந்தானா என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டதிலிருந்து அந்தச் சட்டம். அதற்கு எனக்குப் புது முகங்கள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் போய் உட்காருவேன். சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று. கல்கத்தா ரோட்டில் லாரிகள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போகும். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நிற்கிற ஜனத்தைப் பார்த்துப் பார்த்து வரைவேன். ஒரு முகத்தைக் கதையில் போட்டு முடித்ததும், மறுபடி கை தவறி அதையே போட்டுவிடக் கூடாது என்று அந்த நோட்டுத் தாளைக் கிழித்து எறிந்துவிடுவேன்.

அதுதான் நான் செய்த தப்பு. பல வருஷம் அதைத் தப்பு என்றே தெரியாமல் செய்தேன்.

ஒரு தை மாதம், செவ்வாய்க்கிழமை மதியம். நீல யூனிஃபார்ம் கோட்டு போட்ட ஒரு பெண் ஷெட்டுக்குள் வந்தாள். முப்பது வயது இருக்கும். எஸ்டேட்டிலேயே பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பெயர் தேவகி. கையில் ‘ஏரிக்குள் ஒரு ஸ்டேஷன்’ புது இதழ்.

“இத யாரு போட்டது?”

“நான்தான். இன்னா இப்போ?” என்றேன். என் வாய் அப்படி.

பிளாட்பாரக் கூட்டம் வரும் படத்தை விரித்து, இடமிருந்து மூன்றாவது ஆளின்மேல் நகத்தை வைத்தாள். “இவர எங்க பார்த்தீங்க?”

“எங்கயும் பாக்கலம்மா. கூட்டம். சும்மா போடறது.” பொய்தான் சொன்னேன். என் முகத்தை எப்படி வரையலாம் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

“சும்மா போட்டா காது இப்டி வருமா?”

குனிந்து பார்த்தேன். அந்த ஆள் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இடது காதின் மேல்பாதி, கடித்து எடுத்ததுபோல் இல்லை.

“ரோலிங் மில்லுல கம்பி சீவிச்சு. நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன். இது எங்கூட்டுக்காரரு.”

மேடம் எழுந்து வந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். உட்கார்ந்து சொன்னாள். புருஷன் பெயர் லோகநாதன். மில்லில் வேலை போனதும், வைகாசியில் வேலை தேடப் போகிறேன் என்று கிளம்பினவன் வரவில்லை. ஆடியில் ரயில்வே லைன் ஓரம் அடையாளம் தெரியாத ஒரு உடல் கிடந்து, போலீஸே புதைத்துவிட்டது. மார்கழியில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த அந்த உடலின் போட்டோவைப் பார்த்து லோகநாதனின் அண்ணன், இந்த பெல்ட் என் தம்பியுடையது என்று சொல்லிவிட்டான். போட்டோவில் முகம் இல்லை, காது இல்லை.

“வர ஞாயித்துக்கிழம காரியம்னு நாள் குறிச்சுட்டாங்க. ஆவி ஊட்ட சுத்துதாம். நான் தாலிய கழட்டணுமாம்.” அவள் அழவில்லை. “நான் கேக்கறது ஒண்ணுதாங்க. இந்த முகத்த நீங்க பார்த்தது ஆடிக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“மாசத்துக்கு நூறு பேரு போடறேன்மா. எனக்கு இன்னா ஞாபகம் இருக்கும்?”

“உங்களுக்கு நூறு. எனக்கு ஒண்ணு.”

“நோட்டை எடுங்க,” என்றார் மேடம்.

எடுத்து மேஜையில் போட்டேன். நடுவில் தைத்த இடத்தில் கிழிந்த விளிம்புகள் சீப்புப் பல்போல நின்றன. உள்ளே ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று சொன்னேன். தேவகி புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். மேடம் பென்சிலை எடுத்தார், சீவவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“சட்டம் போட்டது நான்,” என்றார் கடைசியில். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். “திரும்ப வரைங்க.”

“அதே மாதிரி வராது மேடம்.”

“முகம் வேணாம். முகம்தான் நம்மகிட்ட இருக்கே. அன்னிக்கு நோட்டுல அதைச் சுத்தி என்ன இருந்ததோ அதை வரைங்க. யோசிக்காதீங்க. கை போற பக்கம் விடுங்க.”

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனக்கு எரிச்சல். இருந்தாலும் அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சிலை வைத்தேன். நடுவில் முகத்துக்கு இடம் விட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஏரி மதிய வெயிலில் அசையாமல் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன், தாளைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஏரி போய்விட்டது. புதுவாயல் வந்தது. ஈர மண் வாசனை வந்தது. லாரி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தம். கை தானாக ஒரு வளைந்த கோடு இழுத்தது. அது ஒரு தோளுக்கு மேலே. இன்னொரு கோடு, தொங்குவதுபோல. அதன் நுனியில் கை நின்று மூன்று புள்ளி வைத்தது. புள்ளிக்குக் கீழே ஒரு கிளாஸ். கிளாஸைப் பிடித்த கை.

மழைத்துளி. கூரை விளிம்பில் சொட்டுகிற தண்ணீரை அவன் டீ கிளாஸில் பிடித்துக்கொண்டிருந்தான், பிள்ளைகள் பிடிப்பதுபோல. அதனால்தான் அண்ணாந்து பார்த்தான். நான் அதை ஸ்டேஷன் விளக்கைப் பார்ப்பதாக மாற்றியிருக்கிறேன். ஆனால் புதுவாயலில் நான் எதிரே உட்காரும் ரமணய்யாவின் டீக்கடைக்குத் தகரக் கூரை. தகரம் தொங்காது. நான் வரைந்திருந்த கோடு தொங்குகிறது, நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை போட்டிருக்கிறது.

“தார்ப்பாய்,” என்றேன். “நீலத் தார்ப்பாய். ஷீட்டு பறந்துபோச்சு அப்போ.”

“எப்போ?” தேவகி எழுந்துவிட்டாள்.

அது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் லீவு போட்டாள். பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் இரண்டு பேரும் புதுவாயல் போனோம். ரமணய்யா அந்தக் கூட்டுரோட்டில் எத்தனையோ வருஷமாகக் கடை வைத்திருப்பவர். வீட்டில் தெலுங்கு பேசுவார், எல்லாரையும் நைனா என்பார்.

“தார்ப்பாயா? கார்த்திக தீபத்துக்கு மொத நாளு காத்துல ஷீட்டு பறந்துச்சு நைனா. கால்வாயாண்ட போயி குந்திக்கினு இருந்துச்சு. புதுசு போட எட்டு நாளு. அந்த எட்டு நாளுதான் தார்ப்பாயி. அதுக்கு முன்னாலயும் இல்ல, பின்னாலயும் இல்ல.”

கார்த்திகை. ஆடிக்கு நாலு மாதம் பின்னால். தேவகி இதழை விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

“இவனா! இவன்தான மூங்கிலு புடிச்சான். நான் மேல ஏறிக் கட்டிக்கினு கீறேன், இவன் கீழேருந்து ‘சாய்க்காத நைனா, சாய்க்காத’ன்னு எனக்கே வேல சொல்றான். அதுக்கு ரெண்டு டீ ஓசில குடிச்சுட்டு, மூணாவது கேக்கறான்.”

தேவகி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஓசி டீன்னா அவருதான். அவரேதான்.”

ஆந்திரா பக்கம் போகும் லோடு லாரி ஒன்றில் வந்தான், அதிலேயே போனான். அதற்குமேல் ரமணய்யாவுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் ரமணய்யாவும் தேவகியின் வீட்டுக்குப் போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். ஒரிஜினல் பக்கத்தை அண்ணன்காரனிடம் காட்டினேன்.

“பொம்மய காட்டி காரியத்த நிறுத்துவியா நீ?” என்றான்.

“பொம்ம டீ குடிக்குமா நைனா?” என்று ரமணய்யா முன்னால் வந்தார். “என் கடையில ரெண்டு குடிச்சுகீது.”

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு காரியம் நின்றது. அண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். “அப்போ அந்த உடம்பு யாரு?” என்று கேட்டான். எங்கேயோ இன்னொரு வீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்குக் காட்ட என்னிடம் படம் இல்லை.

திங்கட்கிழமை மேடம் சட்டத்தைத் திருத்தினார். “இனிமே கிழிக்காதீங்க. யாரைக் கூட்டத்துல போட்டாலும் பக்கத்துக்குப் பின்னாடி எழுதுங்க. எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணி. நான் எப்படியும் பின்னாடியிருந்துதானே பார்க்கறேன்.” நித்யாவின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். எழுதுவது பெரிய இம்சை. ஒரு பக்கத்தில் முப்பது பேர் நின்றால் முப்பது வரி. முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். மாதம், தேதியும் சேர்த்து எழுத நானே ஆரம்பித்தேன்.

தேவகி மூன்று நாலு தடவை ஆந்திராவில் சூளூர்பேட்டை வரை போய்த் தேடினாள். கிடைக்கவில்லை. ஒவ்வொரு இதழ் வந்ததும் ஷெட்டுக்கு வந்து கூட்டத்தை நகத்தால் தடவிக்கொண்டே போவாள். “இல்ல,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மழை விட்டுப் பனி மூடியிருந்தது. ரமணய்யா கடைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. இறங்கி வந்தவன் டீ வாங்கிக்கொண்டு திரும்பினான். என் கை காதை வரைந்துகொண்டே வந்து பாதியில் நின்றது. மேலே வரைய அங்கே காது இல்லை.

முழுதாக வரைந்து முடித்தேன். கீழே தேதி போட்டு எழுதினேன்: புதுவாயல், ஞாயிறு, காலை ஏழரை. அதன் பிறகுதான் எழுந்து போனேன்.

“லோகநாதன்தானே?”

“யாருண்ணே நீ?”

“உன் கருமாதிய நிறுத்துனவன்.”

காலையிலேயே குடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். எல்லாம் சொன்னேன். பெல்ட், பந்தல், தாலி. அந்தக் காதைத் தேய்த்துக்கொண்டே கேட்டான். அந்த பெல்ட்டை ரயிலில் கூட வந்த ஒருவனுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அவகிட்ட சொல்லாதண்ணே. சூளூர்பேட்டாண்ட எனக்கு ஒரு ஊடு கீது. பொண்ணு ஒண்ணு பொறந்துகீது.”

“அவ உனக்காகக் குந்திக்கினு கீறாடா.”

“நான் குந்தச் சொல்லலியேண்ணே.”

அவன் கையிலிருந்த கிளாஸைத் தட்டிவிட்டேன். கீழே விழுந்து உடைந்தது. ரமணய்யா ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். அடித்திருப்பேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? குனிந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, யார் காலிலும் குத்தக்கூடாது என்று குப்பைத் தொட்டியில் போட்டான். பிறகு லாரியில் ஏறினான். பனி மூடிக்கொண்டது. கெட்டவன் என்று முழுசாகச் சொல்ல முடியவில்லை. இன்றுவரை எனக்கு எரிச்சல் அதில்தான்.

மறுநாள் மேடத்திடம் நோட்டைக் கொடுத்து, “அவகிட்ட சொல்ல வேணாம் மேடம். இருக்கற நம்பிக்கையாவது இருக்கட்டும்,” என்றேன்.

அவர் பென்சில் சீவ ஆரம்பித்தார். ரொம்ப நேரம் சீவினார்.

“இடம், கிழமை, மணி எழுதியிருக்கீங்க,” என்றார். “யாருக்காக எழுதினீங்க? எனக்கா?”

புது இதழைப் பார்க்கத் தேவகி அன்று மதியம் வந்தாள். நோட்டைக் கையில் கொடுத்தேன். அவன் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கூட்டிக் குறைக்க எனக்கு வராது. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேத்தில் எதையோ அறுத்து முடிக்கிறவரை பார்த்தாள்.

“உடம்பு எப்டி கீது?”

“தொப்ப போட்டுகீறான்.”

“போடுவாரு,” என்றாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த இதழுக்கு அவள் வரவில்லை.

‘ஏரிக்குள் ஒரு ஸ்டேஷன்’ தொடரை முடித்துவிடலாம் என்று மேடம் அப்போது முடிவு செய்திருந்தார். கடைசிப் பக்கத்தில் ரயில் தண்ணீரிலிருந்து வெளியே வருகிறது. பெட்டிகளிலிருந்து ஏரி வழிகிறது. கதவோரம் நிற்கிற ஜனம் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து வெயிலைப் பார்க்கிறார்கள். நான் அந்த ஜனத்தைப் போட்டுக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை, தேவகி வந்து என் மேஜைக்கு எதிரே நின்றாள். கழுத்தில் ஒன்றும் இல்லை.

“அவங்க கழட்டச் சொன்னப்போ கழட்டல. செத்தாருன்னு பொய்யா கழட்ட எனக்கு இஷ்டம் இல்ல,” என்றாள். “இப்போ நானே கழட்டிட்டேன். ஊர்ல ஆளாளுக்குத் திட்டறாங்க. அவரு உயிரோட இருக்காரு, நல்லா இருக்காரு, அதனாலதான் கழட்டினேன்னா ஒருத்தருக்கும் புரியல.”

“டீ குடிக்கறியாம்மா?” என்றேன்.

“வேணாம். என்னிய வரைங்க.”

“இன்னா?”

“பிளாட்பாரத்துல வேணாம். ரயில்ல.” நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். “எவ்ளோ நேரம் ஆவும்? ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்டு.”

எனக்கு முன்னால் தானாக வந்து யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. எல்லாரையும் நான் திருட்டுத்தனமாகத்தான் வரைந்திருக்கிறேன். ஏரி வெளிச்சம் அவள் ஒரு கன்னத்தில் அசைந்துகொண்டிருந்தது. முன் பெட்டியின் கதவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் முகத்தை நீட்டி நிற்பதாகப் போட்டேன். மை காய்ந்ததும் மேடம் தாளைத் திருப்பி ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். முக்கோணம் போடாமல் திருப்பித் தந்தார்.

தேவகி எட்டிப் பார்த்தாள். “மூக்க பெருசா போட்டுட்டீங்க.”

“கீறதத்தான் போட்டேன்.”

நித்யாவின் மேலாளருக்கு ஒன்று சொல்கிறேன். முன்பக்கத்தில் இருப்பது நாங்கள் கட்டிய கதை. பின்பக்கத்தில் இருப்பவர்கள் அந்த மணிக்கு அந்த இடத்தில் உயிரோடு நின்றவர்கள். இரண்டையும் ஸ்கேன் செய்யுங்கள். முடியாது என்றால் பக்கங்களை என்னிடம் திருப்பிக் கொடுங்கள்.

இனி நித்யாவின் இரண்டாவது கேள்வி. அன்று தேவகி பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாளைக் கவிழ்த்து நீலப் பென்சிலை எடுத்தேன். தேதி, இடம், கிழமை, மணி.

“இன்னா எழுதறீங்க?”

படித்துக் காட்டினேன். காக்களூர், செவ்வாய், மதியம் பன்னிரண்டரை.

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தாள். “அவர கேக்காமயே வரைஞ்சீங்க. நான் கேட்டு வந்து ஒக்காந்தேன். அதையும் எழுதுங்க.”

எழுதினேன்.